ஆட்டம் கண்ட கத்தி

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். ஸ்டூலில் யாராவது உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அவ்வளவு சின்ன இடம்.

பக்கத்துக் கடை தையல் கடை. பெண்களுக்கான ஜாக்கெட், சுடிதார் மட்டும் தைப்பார்கள். அதை நடத்துகிறவர் எங்கள் ஊரில் பல தலைமுறையாக இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான், இரண்டு பேரும் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். நான் அவரை ‘பாய்’ என்பேன். அவர் என்னை ‘சார்’ என்பார். பதினோரு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தும் அந்த ‘சார்’ மாறவில்லை.

என்னிடம் இருந்த மடக்குக் கத்தி ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வந்தது. மூன்று குளிர்காலம் தொடர்ந்து வந்து தங்கியவர். விசா காகிதங்களுக்கெல்லாம் என்னிடம்தான் வருவார். கடைசித் தடவை ஊருக்குக் கிளம்பும்போது, தோள் பை ஒன்றுதான் இருக்கிறது, கத்தியை விமானத்துக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கறுப்புப் பிடி. கட்டைவிரலால் தள்ளினால் அலகு வெளியே வந்து ‘டக்’ என்று நிற்கும். மடக்க வேண்டும் என்றால் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். அந்தத் தகடுதான் லாக்கு. அது அலகின் பின்புறத்தில் முட்டுக் கொடுத்து நின்றால்தான் கத்தி திறந்தபடி இருக்கும்.

காகிதக் கட்டுப் பிரிக்க, கூரியர் பெட்டி அறுக்க, ஒட்டு டேப் வெட்ட, சில நாள் ஆப்பிள் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நான்கு வருடம் இப்படிப் போன பிறகு அலகு ஆட ஆரம்பித்தது. திறந்து பிடித்துக்கொண்டு நுனியை விரலால் தட்டினால் இடமும் வலமும் அசைந்தது. முதலில் மயிரிழை. பிறகு கண்ணுக்கே தெரிந்தது. அலகைப் பிடியோடு சேர்க்கும் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்தத் திருகின் தலை நட்சத்திர வடிவத்தில் இருந்தது. என்னிடம் இருந்ததோ பிளக் மாட்டுகிற சாதாரண ஸ்க்ரூ டிரைவர். அதையே வைத்து நெருடினேன். திருகு திரும்பவில்லை. நட்சத்திரத்தின் இரண்டு முனை மழுங்கியதுதான் மிச்சம்.

அதோடு விட்டுவிட்டேன். ஒருநாள் காகிதப் பெட்டியைக் கிழிக்கும்போது அலகு தானாக மடங்கி என் ஆட்காட்டி விரல் நகத்தைச் சீவியது. ரத்தம் வரவில்லை. நகத்தின் ஓரம் மட்டும் போனது. ‘சனியன்’ என்று திட்டிவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் அதையேதான் எடுத்துப் பயன்படுத்தினேன், கொஞ்சம் எச்சரிக்கையாக. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் எனக்கு உறுத்தியது இதுதான்.

ரம்ஜான் மாதம், இரண்டாவது வாரம். மதியம் மூன்று மணி இருக்கும். பாய்க்கு லைனிங் துணி பார்சலில் வந்திருந்தது. சாக்கில் வைத்து அமுக்கி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டை. அந்தப் பட்டையைக் கையால் பிய்க்க முடியாது. அவரிடம் மூன்று கத்தரிக்கோல் உண்டு, ஆனால் துணியைத் தவிர வேறு எதையும் அவற்றால் வெட்டமாட்டார். ஒரு நூல் கண்டின் மேல் சுற்றிய காகிதத்தைக்கூட வெட்டவிடமாட்டார்.

வாசலில் வந்து நின்றார். “சார், அந்தக் கத்தியை ஒரு நிமிஷம் குடுங்க.”

ஒரு அம்மா பட்டா நகல் எடுக்க வந்திருந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மெஷினில் வைத்துக்கொண்டிருந்தேன். இழுப்பறையைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தேன். ‘பார்த்து, ஆடும்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. அதை இழுக்கப் போனேன்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சார், கொஞ்சம் வர்றீங்களா?” என்று மட்டும் கேட்டது, எப்போதும் பேசுகிற குரலில். போய்ப் பார்த்தால், கடை வாசல் படியில் வலது கையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே மேஜை மேல் அடுத்தவர்கள் கொடுத்த பட்டுத் துணிகள் கிடந்தன. அதில் ஒரு சொட்டுப் பட்டுவிடக் கூடாது என்று வெளியே ஓடி வந்திருக்கிறார்.

“பட்டைக்குக் கீழ முனையை உட்டு நெம்பினேன். அப்படியே மடங்கிக்கிச்சு” என்றார்.

ஆட்காட்டி விரலின் உட்பக்கம், நடு மூட்டுக்கு மேலே, நன்றாகப் பிளந்திருந்தது. விரலை மடக்கச் சொன்னேன். நுனி மட்டும் மடங்கவில்லை. அவர் மடக்கத்தான் பார்த்தார். முகத்தில் அந்த முயற்சி தெரிந்தது. நுனி மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

என் துண்டைச் சுற்றி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, விரலை மடக்கும் தசைநார் பாதிக்கு மேல் அறுந்திருக்கிறது, தைத்துவிடலாம், ஆனால் நான்கு வாரம் கட்டை கட்டி அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட வந்தபோது பாய் கையைக் கொடுத்துவிட்டார். மாத்திரையை அங்கேயே போடச் சொன்னதும்தான் தயங்கினார்.

“டாக்டர், ஆறரைக்கு மேல போட்டுக்கலாமா?”

“வலி ஜாஸ்தியா இருக்குமே?”

“பரவால்ல. நோன்பு திறந்துட்டுப் போட்டுக்கறேன்.”

மருத்துவர் சீட்டில் எழுதியிருந்த ‘காலை, மதியம், இரவு’ என்பதை அடித்துவிட்டு, நோன்பு திறந்த பிறகு ஒன்று, விடியலுக்கு முன் சாப்பிட்டதும் ஒன்று என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அவர் மனைவி ஆட்டோவில் வந்து சேர்ந்தார். நான் அவரை ‘பாயம்மா’ என்றுதான் கூப்பிடுவேன். என்னை அவர் ‘அண்ணா’ என்பார். வீட்டில் இருந்தபடியே கடைக்கு வேண்டிய கொக்கி தைப்பது, ஓரம் தைப்பது எல்லாம் அவர் வேலை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “எந்த விரலு?” என்று கேட்டார். “ஆட்காட்டி விரலு” என்றதும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, “நல்ல வேளை அண்ணா, நீங்க பக்கத்துல இருந்தீங்க” என்றார்.

தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். டீக்கடைக்காரர், எதிரே அறைகள் வாடகைக்கு விடுபவர், யார் கேட்டாலும், ‘சார்தான் உடனே வண்டியில் வெச்சுக் கூட்டிக்கினு போனாரு’ என்று பேச்சு. நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அன்று கடையைச் சாத்தும்போது பாய் கடை வாசலில் கிடந்த கத்தியை எடுத்து, துடைத்து, வீணாய்ப் போன நகல் காகிதத்தில் சுற்றி இழுப்பறையின் பின்பக்கம் தள்ளினேன்.

மறுநாள் காலையில் பாயும் பாயம்மாவும் சேர்ந்து கடையைத் திறந்தார்கள். பெருநாளுக்கான துணிகள் அலமாரி நிறைய இருந்தன. அவை போக, பங்குனி முகூர்த்தத்துக்குக் கொடுத்த ஜாக்கெட்டுகள். வேலை செய்கிற ஆள் ஒருவர் மெஷினில் தைப்பார், ஆனால் வெட்டுவது எப்போதும் பாய்தான். அளவு எடுப்பதும் வெட்டுவதும்தான் அந்தக் கடை. மற்றதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவரே சொல்வார்.

இடது கையால் சாக்குக்கட்டி பிடித்துக் கோடு போட்டுப் பார்த்தார். கழுத்து வளைவு ஓடை மாதிரி நெளிந்து போனது. அழித்தார். மறுபடியும் போட்டார். பாயம்மா சாக்குக்கட்டியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

“நான் வெட்றேன்.”

“உனக்குப் பழக்கம் இல்ல.”

“இன்னா பழக்கம்? நம்ம பொண்ணுக்கு இத்தினி வருஷமா சுடிதார் யாரு வெட்டுனது? ஜின்னு வந்து வெட்டுச்சா?”

பாய் சிரித்துவிட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அடிபட்ட பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரிய கத்தரிக்கோலை இடது கையால் எடுத்து, பிடிப்பக்கத்தை மனைவியின் பக்கம் திருப்பி நீட்டினார். அந்த அம்மா முதல் துணியை வெட்டும்போது நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் பச்சைத் துணி. கத்தரிக்கோல் ஒருமுறைகூட நிற்காமல் கழுத்தைச் சுற்றி வந்தது. பாய் குனிந்து வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். அடுத்த துணியை விரித்தார்.

பாயம்மா வெட்டப் போய்விட்டதால் கொக்கி தைக்க ஆள் இல்லை. “நான் செய்யறேன்” என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சார், ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?” என்றார் பாய்.

தெரியாது. கற்றுக்கொண்டேன். மாலையில் எனக்குக் கூட்டம் குறையும். நான்கு மணி முதல் ஆறு மணி வரை என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கடைக்குள் போட்டு உட்கார்ந்துவிடுவேன். யாராவது நகல் எடுக்க வந்தால் எழுந்து ஓடுவேன். முதல் ஜாக்கெட்டின் ஐந்து கொக்கிக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஒரு பட்டன் போனால் ஆறு மாதம் அப்படியே திரிகிறவர் நீங்கள் என்றாள். உண்மைதான். ஒரு பெண் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கொக்கி மாட்டினால் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் நின்றது. பாயம்மா அதை வாங்கி, அத்தனையையும் பிரித்துவிட்டு, எங்கே குத்த வேண்டும் என்று சாக்குக்கட்டியால் ஐந்து புள்ளி வைத்து என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து புள்ளி வைத்துத்தான் தைத்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்தான் நான் கத்திப் பேச்சை எடுத்தேன்.

“அந்தக் கத்தியைத் தூக்கிப் போட்டுடப் போறேன் பாய்.”

“எங்க போடுவீங்க?”

“குப்பையிலதான்.”

“குப்பை பொறுக்குறவங்க எடுப்பாங்க. அவங்க கையில மடங்கும்” என்றார். “போடாதீங்க. சரி பண்ணுங்க. இல்லேன்னா சுத்தியால அடிச்சி உடைங்க. அப்படியே போடாதீங்க.”

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கையில் இருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்தேன்.

“பாய், ஒண்ணு சொல்லணும். அது ஆடுதுன்னு எனக்குத் தெரியும். போன மாசம் என் கையிலயே மடங்கிச்சு. நகம் போச்சு. தெரிஞ்சிக்கினேதான் உங்ககிட்ட குடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லல.”

அவர் தன் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு போனது.

“தொறக்கும்போதே லொடலொடன்னுதான் இருந்திச்சு” என்றார். “எனக்கும் தெரிஞ்சிது. அவசரத்துல உட்டுட்டேன்.” கட்டுப் போட்ட கையை மேஜை மேல் தூக்கி வைத்தார். “ஆனா மடங்கும்னு எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும்.”

“ஆமா.”

“ம்.”

அவ்வளவுதான். கோபப்படவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம். மேஜையின் அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

“தெரிஞ்சா குடுத்தீங்க?” என்றார் பாயம்மா.

நான் தலை குனிந்தேன்.

“ஒரு வாரமா எல்லார்கிட்டயும் நானு, அண்ணன் இல்லேன்னா இன்னா ஆயிருக்கும்னு சொல்லிக்கினு திரியறேன். நீங்களும் கேட்டுக்கினு உக்காந்திருந்தீங்க.”

பாய் உருதுவில் ஏதோ மெல்லச் சொன்னார். கத்தரிக்கோல் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் மீதிக் கொக்கிகளைத் தைத்து முடித்துவிட்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பாய் மட்டும், “ஞாயித்துக்கிழமை காலையில அந்தக் கத்தியை எடுத்துக்கினு வாங்க. ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்” என்றார்.

அடுத்த இரண்டு நாளும் நான் கொக்கி தைக்கப் போனேன். பாயம்மா துணியை என் முன்னால் வைப்பார், எடுப்பார். என்னோடு பேச்சு இல்லை. புள்ளிகள் மட்டும் முன்பு போலவே சரியான இடத்தில் இருந்தன.

ஞாயிறு காலை. வழக்கமாகக் கடை விடுமுறை நாள், ஆனால் பெருநாள் நெருங்குவதால் அவர்கள் திறந்திருந்தார்கள். நான் முதலில் இரண்டு கடை தள்ளி மொபைல் சர்வீஸ் வைத்திருக்கும் அம்மாவிடம் போனேன். நட்சத்திரத் தலைக்கு ஏற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றதும், தீப்பெட்டி அளவு டப்பாவில் இருந்து பத்துப் பதினைந்து முனைகளைக் கொட்டினார். கத்தியின் திருகில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, அசையாமல் உட்கார்ந்த ஒன்றைத் தந்தார். “இது ஏற்கெனவே மழுங்கியிருக்கு சார். நல்லா அழுத்திப் புடிச்சிக்கினு திருப்புங்க. வழுக்கிச்சுன்னா அப்புறம் எதுவும் பண்ண முடியாது” என்றார்.

பாய் தன் மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார். எது உருண்டாலும் வெள்ளையில் தெரியும். கை அவருடையது இல்லை, என்னுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கத்தி வேலை அவருக்கும் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டியவர்.

“மொதல்ல ஆட்டம் எந்தப் பக்கம்னு பாருங்க” என்றார். அலகைத் திறந்து, பிடியைக் கெட்டியாகப் பிடித்து, நுனியை அசைத்தேன். இடமும் வலமும் ஆடியது. “இப்ப மேலயும் கீழயும்.” அதிலும் ஆடியது. நான் அதுவரை அப்படிச் சோதித்ததே இல்லை. பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும்தான் நான் கவனித்திருந்தேன்.

“ரெண்டும் வேற வேற” என்றார். “பக்கத்துல ஆடுறது திருகுல. மேல கீழ ஆடுறது லாக்குல. என்னை வெட்டுனது லாக்குதான்.”

திருகை அழுத்திப் பிடித்துத் திருப்பினேன். ஒருமுறை வழுக்கியது. முனையை எடுத்து மறுபடி அழுத்தி உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை மெல்ல விட்டுக்கொடுத்தது. பிடியைப் பிரித்ததும் அலகின் இரண்டு பக்கமும் இருந்த காசு மாதிரியான வாஷர்கள் துணியில் விழுந்தன. ஒன்று பிளாஸ்டிக். ஒரு பக்கம் தேய்ந்து, ஓரம் வெடித்துப் போயிருந்தது. இன்னொன்று நன்றாகவே இருந்தது. உள்ளே காகிதத் தூசி அடைந்து கிடந்தது. அலகின் பின்புறம், லாக்குத் தகடு வந்து முட்ட வேண்டிய இடத்தில், பழுப்பாக ஏதோ பூசினது போல இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகு போல வந்தது.

“இன்னா அது?”

முகர்ந்து பார்த்தேன். “டேப்புல இருக்கிற பசை பாய்.”

நான்கு வருடம் ஒட்டு டேப்பை அறுத்து அறுத்து, அதன் பசை சிறிது சிறிதாக உள்ளே போய்ப் படிந்திருக்கிறது. அதன் மேல் தூசி. லாக்குத் தகடு முழுதாக உள்ளே வந்து உட்கார இடமே இல்லை. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அலகு பக்கவாட்டிலும் ஆடியதால், கொஞ்சம் நெம்பினதும் அந்தப் பிடிப்பும் நழுவிவிட்டது. ஐந்து நிமிட வேலை. ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். அதை நான் செய்யவில்லை. பாய் என்னைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் எனக்குச் செய்த உபகாரம் என்றே நினைக்கிறேன்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை துடைக்கச் சொன்னார். அடுத்து வாஷர். அந்த அளவில் கடையில் கிடைக்காது. பாய் யோசித்துவிட்டு, கடைக்குப் பின்னால் கிடந்த காலி ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பிளாஸ்டிக் வழவழப்பானது, உராயாது என்றார். கயிறு கோக்கும் ஜாக்கெட்டுகளுக்குத் துளை போட அவரிடம் ஒரு பஞ்ச் உண்டு. அதை வைத்துச் சுத்தியால் ஒரு அடி. நடுத் துளை கச்சிதமாக விழுந்தது. வட்டமாக வெட்ட நான் பழக்க தோஷத்தில் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

“அத்த தொடாதீங்க!”

கத்தினது பாய் இல்லை, பாயம்மா. மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பாய் மறுபடியும் சிரித்தார். நான் என் கடைக்கு ஓடிப்போய்க் காகிதம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

முதல் வாஷர் கோணல். இரண்டாவது பெரிதாகிவிட்டது. மூன்றாவது உட்கார்ந்தது. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் சேர்த்து, திருகை முறுக்கினேன். ஆட்டம் போய்விட்டது. ஆனால் அலகும் அசைய மறுத்தது. கட்டைவிரல் சிவக்கத் தள்ளினாலும் திறக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தினேன். திறந்தது, ஆனால் ஆடியது.

“இது பாபின் கேஸ் மாதிரி சார்” என்றார் பாய். தையல் மெஷினில் அடிநூல் இருக்கும் சின்னக் கூடு அது. அதில் இருக்கும் பொடித் திருகை வைத்துத்தான் நூல் எவ்வளவு இறுக்கமாக வர வேண்டும் என்று பார்ப்பார்கள். “கால் சுத்துகூட ஜாஸ்தி. அரைக்கால் சுத்து திருப்புங்க. தொறந்து பாருங்க. மறுபடியும் கொஞ்சம். அவசரப்படாதீங்க.”

கடிகார முள் நகர்வது போலத் திருப்பினேன். திறந்தேன், மடக்கினேன். மறுபடி திருப்பினேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு இடத்தில் அலகு தடையில்லாமல் வெளியே வந்து ‘டக்’ என்று நின்றது. அசைத்துப் பார்த்தேன். இடமும் வலமும் இல்லை. மேலும் கீழும் இல்லை. லாக்குத் தகடு அலகின் பின்னால் பாதி அகலத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. திருகு மறுபடி தளராமல் இருக்க, அதன் மரையில் ஒரு துளி நகப்பூச்சு வைக்கலாம் என்றார். என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை வீட்டிலிருந்து எடுத்து வந்து, திருகைக் கழற்றித் தடவி, அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“மடங்குதான்னு பாக்கணும்” என்றார். விரல்களை அலகு விழும் வழியிலிருந்து விலக்கி, பிடியின் இரண்டு பக்கத்தை மட்டும் கிள்ளினாற்போலப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரமேஜையில் தட்டினேன். நின்றது. இன்னும் பலமாகத் தட்டினேன். நின்றது.

பாய் இடது கையை நீட்டினார். கொடுப்பதற்கு எனக்குப் பயமாக இருந்தது. வாங்கி, நுனியை மேஜையில் ஊன்றி, அன்றைக்குப் பட்டைக்குள் விட்டு நெம்பியது போலவே ஒருமுறை நெம்பினார். பாயம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி அசையவில்லை.

“ம். இப்ப யாருக்கு வேணா குடுக்கலாம்” என்று சொல்லி மடக்கி என்னிடம் தந்தார்.

பெருநாளைக்கு முந்தின நாள் மதியம் கடைசிச் சுடிதாரும் போய்விட்டது. அலமாரி காலி. கட்டுப் போட்ட கையோடுதான் அவர் தொழுகைக்குப் போனார். சட்டைப் பொத்தான்களை மகள் போட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் கட்டையை எடுத்தார்கள். விரல் மெலிந்து, வெளுத்துப் போயிருந்தது. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நாளெல்லாம் அமுக்கிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். கடையில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருப்பார். நடு மூட்டு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. நுனி மூட்டு பாதிதான் மடங்குகிறது. இனி அவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விரல் நுனியில் உணர்ச்சியும் கம்மி.

கத்தரிக்கோல் பிடிக்கிறார். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் முடிவதில்லை. அதனால் வெட்டுகிற வேலை பாயம்மாவிடமே இருந்துவிட்டது. காலையில் பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிடுகிறார். அளவு எடுக்கவும் அவர்தான். பெண்களுக்கு அது வசதியாக இருக்கிறது போலும், கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் பேருந்து ஏறி வருகிறார்கள். கொக்கி தைக்க வேறு ஒரு அம்மாவை வைத்திருக்கிறார்கள். என் கொக்கிகளைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

ஒருநாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பாயம்மாவிடம் சொன்னேன். “ஒரு விதத்துல பாருங்க, உங்க கைக்கும் ஒரு வேலை கெடச்சிது.”

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணா” என்றார். “எனக்கு வெட்றது புடிச்சிருக்கு. அது வேற. அவரு சோறு பெசையும்போது அந்த விரலு தனியா நிக்குது. அத்த தெனமும் நான் பாக்கறேன். ரெண்டையும் ஒண்ணா சேக்காதீங்க.”

நான் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சேர்க்கவில்லை. கோபமாகச் சொல்லவில்லை அவர். கணக்கைச் சரியாக வைத்துக்கொள்கிறவர் சொல்வது போலத்தான் இருந்தது. சொல்லிவிட்டு, மகளுக்குக் கல்லூரியில் சேரச் சான்றிதழ்கள் நகல் எடுக்க வேண்டும், நாளைக்கு அனுப்புகிறேன், நன்றாக எடுத்துக் கொடுங்கள் என்றார்.

மாதத்துக்கு ஒருமுறை கத்தியைப் பிரிக்காமலே மண்ணெண்ணெய் தொட்ட துணியை உள்ளே விட்டுத் துடைக்கிறேன். நுனியை நான்கு பக்கமும் அசைத்துப் பார்க்கிறேன். யாராவது கேட்டால் கொடுக்கிறேன், ஆனால் எழுந்து போய்க் கொடுக்கிறேன். எதை அறுக்கப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். மெஷினில் காகிதம் சிக்கினால் சிக்கட்டும்.

பாய் மாலையில் டீ குடிக்கக் கூப்பிடுவார். டம்ளரை மூன்று விரலால் பிடிப்பார். ஆட்காட்டி விரல் ஒதுங்கி நிற்கும். வலிக்கிறதா என்று முன்பெல்லாம் அடிக்கடி கேட்பேன். ஒருநாள் அவரே சொன்னார்.

“பனிக்காலத்துல கொஞ்சம் வலிக்குது சார். மழைக்கும் வலிக்குது. மத்த நாள்ல இருக்கறதே தெரியல. நீங்க தெனம் கேக்காதீங்க. வலிச்சா நானே சொல்றேன்.”

சரி என்றேன். இப்போதெல்லாம் அவர் சொல்லும் நாட்களில் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.